பிரெட் மேக்கர் சொந்தக்காரர்

வீட்டில் பிரெட் மேக்கர் வைத்திருப்பவர்கள் திருப்பதியில் அதிகம் இல்லை; ஆனால் தெருவுக்குத் தெரியாமல் வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. பாலாஜி காலனி, பவானி நகர், திருச்சானூர் சாலையை ஒட்டிய அடுக்ககங்கள் ஆகியவை இவர்கள் காணப்படும் இடங்கள். வயது அறுபதை ஒட்டி இருக்கும். வங்கியிலோ பல்கலைக்கழகத்திலோ தேவஸ்தான அலுவலகத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த சீமைக்கு இது இயல்பு. அநேகமாக ஆண். அன்றாடம் சமைக்கிறவர்கள் பிரெட் மேக்கர் வாங்குவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. முப்பது வருடம் தண்ணீர் குடிக்க மட்டும் சமையலறைப் பக்கம் வந்தவருக்கு, ஓய்வு பெற்ற மறுமாதம் அங்கே ஒரு பதவி தேவைப்படுகிறது. பெட்டி அந்தப் பதவியைத் தருகிறது.

பெட்டி ஒரு அடி உயரம். உள்ளே மாவு ஒட்டாத பூச்சுள்ள வாளி, வாளியின் அடியில் பிசைவதற்கு ஒரு சிறு துடுப்பு, சுற்றிலும் ஹீட்டர், மூடியில் கண்ணாடிச் சாளரம். முதலில் தண்ணீர், அதன்மேல் மைதா, ஓரமாக உப்பு, உச்சியில் குழி பறித்து ஈஸ்ட். பிசையத் தொடங்கும்வரை ஈஸ்ட்டில் ஈரம் படக்கூடாது என்பதற்காக இந்த வரிசை. 500 கிராம் மாவுக்குத் தண்ணீர் 300 மில்லிக்குச் சற்று மேல், ஈஸ்ட் 7 கிராம் போதும். பொத்தானை அழுத்தினால் பிசைந்து, உப்பவிட்டு, மறுபடி பிசைந்து, மறுபடி உப்பவிட்டு, சுட்டு முடித்து, மூன்று மணி நேரம் கழித்துக் கூவி அழைக்கும். கோதுமை மாவென்றால் இன்னும் கொஞ்சம் கூடும். இரவில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் படுத்தால் விடியற்காலையில் பிரெட் எடுக்க டைமரும் உண்டு. யாரும் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை என்பதுதான் இந்த இயந்திரத்தின் ஒரே பெருமை. அதன் சொந்தக்காரர் அதன் பக்கத்தை விட்டு நகர்வதில்லை.

இயந்திரம் பிறந்த ஊர் ஜப்பானின் ஒசாகா. இன்று பானசோனிக் என்று வழங்கும் மட்சுஷிதா நிறுவனம் 1985-ல் இதைச் செய்ய முயன்றபோது மேலோடு தீய்ந்தது, உள்ளே மாவு வேகவில்லை. இயந்திரம் பிசைந்த மாவையும் தொழில் தெரிந்தவர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் விளங்கவில்லை. மென்பொருள் வேலையில் இருந்த இகுகோ தனாகா என்ற பெண், நல்ல ரொட்டிக்குப் பெயர்போன ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலுக்குப் போய், அங்கே தலைமை ரொட்டிக்காரரிடம் வேலை கற்றார். அவர் மாவை அமுக்குவதோடு விடாமல் முறுக்கி இழுக்கிறார் என்பதைக் கண்டுகொண்டார். அதற்கேற்ப வாளியின் உட்சுவரில் வரிமேடுகள் வைத்தார்கள். 1987-ல் பெட்டி கடைக்கு வந்தது. நோனாகா, தாகேஉச்சி இருவரும் எழுதிய நிர்வாகவியல் நூலால் இந்தக் கதை உலகெங்கும் பாடமாயிற்று. திருப்பதிச் சொந்தக்காரரும் விருந்தாளிகளுக்கு இதைச் சொல்வார். எக்ஸ்ரேயில் நெடுநேரம் நிற்பார். தனாகா கையால் பிசைந்து கற்ற இடத்தை வேகமாகத் தாண்டுவார். தினம் கையால் மாவு பிசைகிறவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பகுதி கொஞ்சம் சங்கடம். மனைவி எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

பெட்டி வீடு வந்து சேரும் வழி இரண்டு. இணையத்தில் வாங்குவது ஒன்று. அதில் சொல்ல எதுவும் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ கொண்டுவருவது மற்றொன்று. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் பிரெட் வராது, புகை வரும். ஆகவே ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கியாக வேண்டும். ஹீட்டர் 500, 600 வாட் இழுக்கும் என்பதால் அது கைக்கு அடக்கமான சாமானாகவும் இருக்காது. கனம் அதிகம், ஓயாத முனகல் வேறு. அது வோல்ட்டைக் குறைக்குமே தவிர அலைவெண்ணை மாற்றாது. அங்கே வினாடிக்கு 60, இங்கே 50. பல பெட்டிகளில் மோட்டார் இதனால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே சுற்றும். இந்த உண்மை தெரியவந்த நாள் சொந்தக்காரருக்குப் பொன்னாள். அன்று முதல் தட்டையாக வரும் எந்த பிரெட்டுக்கும் அவர் பொறுப்பல்ல.

பொத்தானை அழுத்திய பிறகு வரும் மூன்று மணி நேரம்தான் இவர் முழுமையாக வாழும் நேரம். சாளரத்துக்கு எதிரே ஒரு நாற்காலி. முதல் பத்து நிமிடம் மாவு உருண்டையாகத் திரள்கிறதா என்று பார்த்து, சுவரில் ஒட்டினால் ஒரு கரண்டி மாவும், வறண்டு தடதடத்தால் ஒரு கரண்டி தண்ணீரும் சேர்ப்பது நியாயமான வேலை, கையேடே சொல்கிறது. அதற்குமேல் அங்கே மனிதனுக்கு வேலை இல்லை. ஆனால் உப்புகிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பார். திறந்ததால் சூடு இறங்கும். சூடு இறங்கியதால் உப்புவது மந்தமாகும். மந்தமாக இருக்கிறதே என்று மறுபடி திறப்பார். சாளரத்தில் ஆவி படிந்தால் தோள்துண்டால் வெளிப்பக்கம் துடைப்பார். ஆவி உட்பக்கம் இருக்கும். குக்கர் வைக்க இடம் வேண்டிப் பின்னால் நிற்கும் மனைவி, மலைமேல் சன்னிதியில் கேட்கும் அதே குரலில், "ஜருகண்டி, ஜருகண்டி" என்பார். அவர் இரண்டடி நகர்ந்து, கழுத்தைத் திருப்பி இன்னொரு முறை பார்த்துக்கொள்வார்.

திருப்பதியில் வீடு வைத்திருப்பவருக்கு உறவினர் பஞ்சம் கிடையாது. வேலூர், ஆரணி, அரக்கோணம் பக்கமிருந்து தரிசனத்துக்குக் கிளம்பும் சொந்தபந்தம், போகும்போதோ வரும்போதோ ஒரு வேளையாவது இங்கே கை நனைக்கும். மொட்டையும் சந்தனமுமாக மலையிறங்கி வருபவர் எதிர்பார்ப்பது இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும். தட்டில் வருவது பிரெட். வேலூர்ச் சித்தப்பா அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்துவார்.

"ஏம்ப்பா, வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல சித்தப்பா. நானே செஞ்சேன்."

"செஞ்சது சரிதாம்ப்பா. காய்ச்சல் யாருக்கு?"

பாலில் தோய்த்த பிரெட் என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு என்று வளர்ந்த தலைமுறையிடம் இதற்குமேல் வாதாடிப் பயனில்லை. அடுத்த அறிவிப்பு இன்னும் கடுமையானது: சூட்டோடு வெட்டக்கூடாது, உள்ளே இருக்கும் ஈரம் அடங்க ஒரு மணி நேரம் ஆறவேண்டும். இது உண்மைதான், அவசரப்பட்டு வெட்டினால் கத்தியில் பசையாக ஒட்டும். இரவெல்லாம் வைகுண்டம் கியூ காம்ப்ளக்ஸில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள், சரி, இது இன்னொரு கம்பார்ட்மென்ட் என்று கூடத்தில் சாய்ந்துவிடுவார்கள். வெட்டும்போது துடுப்பு நின்ற இடத்தில் ஒரு பொந்து தெரியும். பொந்து விழுந்த துண்டுகள் வீட்டாருக்கு, முழுத் துண்டுகள் விருந்தாளிக்கு என்பது மரபு. ஊருக்குக் கிளம்பும்போது லட்டுப் பைக்குள் காகிதத்தில் சுற்றிய ஒரு முழு பிரெட்டும் ஏறிக்கொள்ளும். லட்டை வீடு போய்ச் சேரும்வரை யாரும் தொடமாட்டார்கள். பிரெட்டை, வீடு போய்ச் சேர்ந்த பிறகும்.

லட்டோடு ஒப்பிட்டுக்கொள்வது இந்த ஊரில் தவிர்க்க முடியாதது. மலைமேல் லட்டு செய்யும் மடப்பள்ளியான போட்டுவில், கடலைமாவு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, நெய் இவ்வளவு என்று வகுத்த அளவுக்குத் திட்டம் என்று பெயர். அந்த லட்டு 2009-ல் புவிசார் குறியீடும் பெற்றது. சொந்தக்காரர் ஒரு நீள நோட்டில் தேதி, மாவு, தண்ணீர், அறையின் வெப்பம், விளைவு என்று கட்டம் போட்டு, மேலே 'பிரெட் திட்டம்' என்று எழுதி வைத்திருக்கிறார். விசேஷங்களுக்கான ஆஸ்தான லட்டு 750 கிராம். தன் பெட்டியின் நடு அளவும் 750 கிராம் என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு நிறைவு. 'விளைவு' என்ற கட்டத்தில் பெரும்பாலும் காணப்படும் சொல் 'பரவாயில்லை'. அந்தக் கட்டம் மட்டும் மனைவியின் கையெழுத்து.

பிரெட் சரியாக வராமல் போவதற்கு உண்மையான காரணங்கள் உண்டு. திருப்பதியின் மே மாதம் 42 டிகிரியைத் தொடக்கூடியது. ஈஸ்ட்டுக்கு இதமானது 25 முதல் 35 டிகிரி. கையேட்டை எழுதியவர்கள் குளிர்ந்த அறையை நினைத்து நேரம் குறித்தவர்கள். கோடையில் மாவு அந்த நேரத்துக்கு முன்பே பொங்கிவிடும்; சூடேறத் தொடங்கியதும் உச்சி உள்வாங்கும். ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றி ஈஸ்ட்டைக் குறைத்தால் சரியாகும். நம்முடைய கடை மைதாவில் ரொட்டிக்கென்றே அரைக்கும் வெளிநாட்டு மாவைவிடப் புரதம் குறைவு, ஆகவே இழுவையும் குறைவு. கரண்ட் போனால் சில நிமிடம் வரை பெட்டி விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கும். அதற்குமேல் போனால் மறந்துவிடும், உள்ளே இருப்பது பிரெட்டும் இல்லை, மாவும் இல்லை. இதெல்லாம் சொந்தக்காரருக்குத் தெரியும். இருந்தும் அவருக்குப் பிடித்த காரணம் மலை. உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு, மாவு கட்டுக்கடங்காமல் உப்பும், 3,000 அடிக்கு மேல் ஈஸ்ட்டைக் குறைக்கவும் என்று அமெரிக்கக் கையேட்டில் ஒரு குறிப்பு உண்டு. திருமலை ஏறத்தாழ 2,800 அடி. அவர் வீடு இருக்கும் பவானி நகர் 500 அடி போல. "மலையடிவாரம் இல்லையா, காத்து அப்படித்தான்" என்பார். எதிர்வீட்டுப் பௌதிகப் பேராசிரியர் ஒருமுறை இதை மறுக்கப் போய், கையில் முழு பிரெட்டோடு திரும்பினார். அதன்பிறகு மறுப்பதில்லை.

சொந்த மண்ணின் மீதுள்ள பற்றால் கேழ்வரகு பிரெட்டும் முயலப்படுகிறது. ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்துவைப்பது கோதுமையில் உள்ள குளூட்டன். கேழ்வரகில் அது இல்லை. கால் பங்கு கேழ்வரகு, மீதி மைதா என்றால் நன்றாகவே வரும். முழுக்கக் கேழ்வரகு போட்டால் மூன்றரை மணி நேரத்தில் சங்கட்டி, அதாவது களி, கிடைக்கும். மாமியார் அதைப் பதினைந்து நிமிடத்தில் கிண்டுவார். சர்க்கரைக்குப் பதில் சித்தூர் வெல்லம் போடுவது மட்டும் உருப்படியான யோசனை. மேலோடு நல்ல நிறத்தில் வரும், மணமும் தனி. கரைத்து வடிகட்டாமல் போட்டால் வெல்லத்தில் உள்ள மணல் வாளியின் பூச்சைக் கீறிவிடும்.

மாமியாருக்குச் சந்தேகம் ஈஸ்ட்டின் மேல். "ஏங்க மாப்ள, அது உசுரோடவா இருக்கு?" என்று கேட்பார். "ஆமா அத்தை." "அதைச் சூட்டுல வச்சா?" "60 டிகிரியில செத்துடும் அத்தை." அத்தை பதில் பேசாமல் துளசிமாடத்துப் பக்கம் பார்ப்பார். இட்லி மாவைப் பொங்கவைப்பதும் நுண்ணுயிர்கள்தான், அவையும் இட்லிப் பானையில் அதே கதியைத்தான் அடைகின்றன என்று சொல்ல மாப்பிள்ளை வாயைத் திறந்து, மறுநாள் காலை டிபனை எண்ணி மூடிக்கொள்வார். ஏகாதசிக்குத் தானியமே கூடாது என்பதால் அன்று பெட்டிக்கும் விடுமுறை.

கடை பிரெட்டைப் பற்றிய சொற்பொழிவு இவரிடம் எப்போதும் தயார். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2016 மே மாதம் 38 பிரெட், பன் வகைகளைச் சோதித்து, 84 விழுக்காட்டில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருந்ததாக அறிவித்தது. இங்கே அவர் குரல் உயரும். அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டுக்குத் தடை போட்டது. இது சொல்லப்படுவதில்லை, சொன்னால் பெட்டிக்கு நியாயம் குறைந்துவிடும். முட்டை சேராத பிரெட் என்ற வாதமும் நெடுநேரம் நிற்காது. பெங்களூரு சிக்கப்பேட்டையில் 1898-ல் எச்.எஸ். திருமலாச்சார் பி.பி. பேக்கரியைத் தொடங்கியது முதல் அய்யங்கார் பேக்கரிகள் அதைக் கவனித்துக்கொள்கின்றன. அப்படி ஒரு பெயர்ப்பலகை அவர் தெருமுனையிலேயே இருக்கும். விருந்தாளிகள் அதிகமாகிவிட்ட நாளில் மனைவி பின்வாசல் வழியாக ஆள் அனுப்புவதும் அங்கேதான்.

ஒரு கட்டத்தில் மனைவி கையேட்டைப் படித்துவிடுகிறார். மெனுவில் 'டோ' என்று ஒன்று இருப்பதும், அது சுடாமல் மாவோடு நின்றுவிடும் என்பதும் அப்போது வெளியாகிறது. சப்பாத்தி மாவு, போளிக்கு மேல்மாவு எல்லாம் அதில் போகத் தொடங்கும். மாம்பழக் காலத்தில் தோத்தாபுரியை வெட்டிப்போட்டு 'ஜாம்' என்ற மெனுவும் ஓடும். மனைவி பொத்தானை அழுத்திவிட்டு சீரியல் பார்க்கப் போய்விடுவார். ஒசாகாக்காரர்கள் எண்ணியபடி பெட்டி நடத்தப்படுவது இந்தக் காலத்தில்தான். கணவரின் பிரெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கப்படும்.

இந்த ஏற்பாடு துடுப்பு தொலையும்வரை நீடிக்கும். வாளியைக் கவிழ்க்கும்போது துடுப்பு பிரெட்டின் அடியில் சிக்கிக்கொள்வது சகஜம். பார்க்காமல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால் அது லட்டுப் பையோடு வேலூர் போய்விடும். அங்கே யார் பல்லிலும் அது அகப்படுவதில்லை. மூன்றாம் நாள் மாட்டுக்குப் பிய்த்துப் போடும்போது தரையில் விழுந்து சத்தம் கேட்கும். சித்தப்பா போன் செய்வார்.

"ஏம்ப்பா, உன் ரொட்டிக்குள்ள ஒரு இரும்புத் துண்டு இருந்திச்சே, அதுவும் காய்ச்சலுக்கா?"

யாராவது அடுத்து தரிசனத்துக்குக் கிளம்பும்போது கொடுத்தனுப்புவதாகவும் சொல்வார். துடுப்பு மட்டும் தனியாகத் திருப்பதிக் கடைகளில் கிடைக்காது. அதுவரை சப்பாத்தி மாவைக் கையால்தான் பிசைய வேண்டும். யார் கையால் என்பது அந்த போன் வைக்கப்படும் முன்பே முடிவாகியிருக்கும்.