சூன் பாணின் ஒலியியல்: எழுவான்கரையிலிருந்து ஓர் ஆய்வுக் குறிப்பு

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரைகள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. பெயர் வைத்தவர்கள் வானத்தைப் பார்த்து நேரம் கணித்தவர்கள் என்பதில் ஐயமில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பேத்தோவனைக் கேட்டுக் கணிக்கிறார்கள். விடியலில் ஒரு தடவை, பொழுதுபடும்போது ஒரு தடவை, கண்ணாடிப் பெட்டி சுமந்த ஓட்டோ ஒன்று ஒழுங்கைக்குள் திரும்பி ‘ஃபூர் எலீஸ்’ வாசிக்கிறது. நாடு முழுவதும் இதற்குச் சூன் பாண் என்று பெயர்.

சொல்லாராய்ச்சியில் தொடங்குவதே மரபு. ‘சூன்’ ஆங்கிலேயரின் ட்யூன். ‘பாண்’ போர்த்துக்கேயர் விட்டுப்போனது. இசை ஜெர்மானியருடையது, ஓட்டோ பெரும்பாலும் இந்தியாவில் செய்தது. தொட்டுக்கொள்ளும் சம்பலாவது நம்முடையது என்று எழுதப் பேனாவை எடுத்தால், சொல் மலாய், மிளகாய் அமெரிக்கா. தேங்காய்ப் பூவோடு நிறுத்திக்கொள்வது ஆய்வாளருக்கு நல்லது.

இனி வகைப்பாடு. சூன் பாண் வண்டியின் நெருங்கிய உறவினர் மேற்கு நாடுகளின் வீட்டுத் தோட்டங்களில் வசிக்கிறது. 1968இல் ஜெர்மனியின் லேமன் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் தோட்ட ரயிலை விற்கத் தொடங்கியது. தண்டவாள இடைவெளி 45 மில்லிமீற்றர். மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே இயந்திரத்துக்கு ஏறும். வரவேற்பறையில் இது ஒழுங்காக வேலை செய்யும். தோட்டத்திலோ மழை பெய்து பித்தளை கறுக்கும், இலை விழும், நத்தை ஊரும், ரயில் நடுவழியில் நிற்கும். தண்டவாளத்தைத் தேய்த்துத் தேய்த்துக் களைத்தவர்கள் கடைசியில் மின்சாரத்தை ரயிலின் வயிற்றுக்குள்ளேயே வைத்தார்கள்: லித்தியம் பற்றரி, 2.4 கிகாஹேர்ட்ஸ் வானொலி ஏற்பி, ஒலி அட்டை, தண்ணீர்த் தொட்டிப் பெட்டிக்குள் கவிழ்த்த சின்ன ஸ்பீக்கர். ஸ்பீக்கரைச் சுற்றி மூடிய கூடு அவசியம். கூடில்லாவிட்டால் முன்பக்க ஒலியைப் பின்பக்க ஒலி தின்றுவிடும். பெரிய இரும்பு யானை நுளம்புபோலக் கத்தும்.

இதே ரயிலை எழுவான்கரையின் கல்லடி மணலில் போட்டுப் பார்ப்பதாகக் கற்பனை செய்வோம். 1928இல் மட்டக்களப்புக்கு வந்த உண்மையான பாதை 1676 மில்லிமீற்றர் அகலம். அதை 45க்குச் சுருக்கினால் 37இல் ஒரு பங்கு வரும். மாரியில் வாடை மழை, மற்றக் காலத்தில் கச்சான் அள்ளிவரும் புழுதி, எந்நாளும் கடலுப்பு. (கச்சான் என்றால் இங்கே காற்றும்தான், கடலையும்தான், இரண்டும் தண்டவாள இடுக்குக்கு ஆகாதவை.) தண்டவாள மின்சாரம் ஒரு கிழமை தாக்குப்பிடித்தால் அதிசயம். தன் சக்தியைத் தானே சுமக்கும் வண்டிதான் இந்த மண்ணுக்கு ஏற்றது என்பது இதனால் நிறுவப்படுகிறது. ஊர் அதை ஆய்வில்லாமலே அறிந்து வைத்திருந்தது.

கட்டுப்பாட்டு முறையில் இரண்டும் வேறுபடுகின்றன. தோட்ட ரயிலுக்குக் கையில் பெட்டி வேண்டும். பாண் வண்டிக்கு, அக்கா கேற்றடியில் நின்று “தம்பி, ரோஸ் பாண் இருக்கா?” என்றால் போதும். மதிலுக்கு அப்பாலிருந்தும், மழைக்குள்ளும், மூன்று வீடு தள்ளியும் இந்தச் சமிக்ஞை பிசகாமல் போய்ச் சேருகிறது. வானொலி அலைக்கு இவ்வளவு உத்தரவாதம் யாரும் கொடுத்ததில்லை.

இசைக்கு வருவோம். பேத்தோவன் இதை எழுதியது 1810இல். அவர் 1827இல் இறந்து நாற்பது ஆண்டு கழித்து, 1867இல் அச்சேறியது. எலீஸ் யார் என்பது இன்றுவரை வழக்கு. மூலத்தில் ‘தெரேஸ்’ என்றிருந்ததைப் பதிப்பித்தவர் பிழையாக வாசித்தார் என்று ஒரு கட்சி சொல்கிறது. மட்டக்களப்பின் பிரச்சினை அதுவல்ல. இசைக்கு முடிவு உண்டா என்பதே இங்கு கேள்வி. வாழ்த்து அட்டையிலும் அழைப்பு மணியிலும் பாடிய யூஎம்66 என்ற மூன்று கால் சிப்பின் நினைவில் 64 சுரங்களுக்குத்தான் இடம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த மரபில் வந்த பெட்டிகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு எலீஸ் வாசலுக்கு வருவாள், திரும்புவாள், மறுகா வருவாள். உள்ளே வந்ததாகச் சாட்சியம் இல்லை. முழுதாக வாசிக்கும் பெட்டி இருந்தாலும் பயனில்லை, அதற்குள் பணிஸ் முடிந்துவிடும்.

தைவானில் இதே இசையைக் குப்பை வண்டி வாசிக்கிறது. ஒரு தீவில் பாண் வருகிறது, மற்றத் தீவில் குப்பை போகிறது. தைவான்காரர் ஒருவர் நாவற்குடாவில் விடிய எழும்பினால் பையோடு கேற்றுக்கு ஓடுவார். நல்ல காலம், இங்கும் பையோடுதான் ஓட வேண்டும்.

இந்த ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு இனித்தான். நீராவி மாதிரி ரயிலில் சில்லின் அச்சோடு காந்தம் பொருத்துவார்கள். இரண்டு உருளை இயந்திரம் என்றால் சில்லு ஒரு சுற்றுக்கு நான்கு தடவை ‘சுக்’ என்று ஒலிக்க வேண்டும். காந்தம் அதைக் கணக்கிட்டு ஒலி அட்டைக்குச் சொல்லும். ஆகவே கண்ணை மூடினாலும் வேகம் தெரியும். பாண் வண்டியில் அப்படி ஒரு காந்தமும் இல்லை. நின்றாலும் ஓடினாலும் எலீஸ் ஒரே நடைதான். ஆனால் காந்தத்தின் வேலையைக் காற்று செய்கிறது. வண்டி மணிக்கு 20 கிலோமீற்றரில் வருகிறது என்று வையுங்கள். செக்கனுக்கு ஏறத்தாழ ஐந்தரை மீற்றர். முப்பது பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் செக்கனுக்குச் சுமார் 350 மீற்றர். டொப்ளர் விதிப்படி, நெருங்கும்போது கேட்கும் சுருதிக்கும் விலகும்போது கேட்கும் சுருதிக்கும் மூன்று வீத வித்தியாசம். அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களுக்கு இடையே ஆறு வீதம். இது அதில் பாதி. சங்கீதம் படித்தவர் தலையை ஆட்டும் அளவு. சங்கீதம் படியாத வீட்டுக்காரி அடுப்படியில் நின்றே, சுருதி இறங்கியதும் “போயிற்றான்” என்று அகப்பையை வைக்கிறாள். ஏறு சுருதி என்றால் சில்லறை தேடுகிறாள்.

ஓடும் சக்தியும் ஒலிக்கும் சக்தியும் வேறு வேறு என்பதை 2022 மெய்ப்பித்தது. எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை தொடங்கியபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோல். பற்றரியில் பேத்தோவன் தாராளமாக இருந்தார், படுவான்கரைக்குப் போகத்தான் வழியில்லை. தோட்ட ரயில் இந்த இடத்தில் ஒரு படி மேல் என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

வண்டியே இல்லாத ஒலி ஒன்றும் இவ்வூரில் உண்டு. 1848இல் இங்கு வந்த குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட், வாவிக்குள்ளிருந்து எழுந்த ஓசையை ஈரவிரலால் வைன் கிண்ண விளிம்பைத் தடவும் ஒலிக்கு ஒப்பிட்டார். பின்னாளில் குருவானவர் லாங் அதை ஒலிப்பதிவு செய்தார். 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தடியில், துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து முழுநிலா இரவில் கேட்பதே முறை. பாடுவது மீனா, சிப்பியா என்பதில் எலீஸ் வழக்கைப் போலவே இழுபறி.

மீனின் சுருதியையும் பாணின் சுருதியையும் ஒரே ஒலிவாங்கியில் பதிந்து ஒப்பிடுவது அடுத்த கட்டம். சிக்கல் நேரத்தில் இருக்கிறது: மீன் பாடத் தொடங்கும்போது பாண் வண்டி வீட்டுக்குப் போயிருக்கும். போயா இரவு எட்டு மணிக்குப் பாலத்தடிக்கு வர முடியுமா என்று வண்டிக்காரத் தம்பி ஒருவரிடம் கேட்டாயிற்று. “பாண் மிஞ்சினால் வாறன்” என்றார்.