கோல்டு ஏர் இன்டேக் நீர்காப்பு: பரபக்கமும் சுபக்கமும்

1. ஆய்வின் தேவை

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் கார் வைத்திருப்போரை முதலில் வெயில் சோதிக்கிறது. பிறகு ஆறு சோதிக்கிறது. வெயிலுக்கு அஞ்சிய சிலர் கோல்டு ஏர் இன்டேக் பொருத்தினர். என்ஜின் சூட்டில் வெந்த காற்றை விலக்கி, பம்பருக்குப் பின்னால் தாழ்வாக ஃபில்டரை வைத்து வெளிக்காற்றை இழுப்பது அதன் தத்துவம். காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். மே மாத வேலூரில் குளிர்ந்த காற்று எங்கே கிடைக்கும் என்ற வினா இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஜவ்வாது மலையில் மழை பிடித்தால் ஒடுகத்தூர்ப் பக்கம் உத்திரகாவேரி பெருகும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது விரிஞ்சிபுரம் தரைப்பாலமே மூழ்கியது. காற்றுக்காகத் தாழ்த்திய வாய்க்குள் தண்ணீரும் நுழைகிறது. ஆய்வுச் சிக்கல் இதுவே.

2. பரபக்கம்

பிறர் மதத்தை மறுக்கும் பரபக்கத்தை முடித்த பின்னரே தம் மதத்தை நாட்டும் சுபக்கத்துக்கு வருவது அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் கைக்கொண்ட ஒழுங்கு. மெக்கானிக் ஷெட்டுகளில் நிலவும் மதங்களையும் அவ்வாறே ஆராய்வோம்.

பாலிதீன்வாதிகள் ஃபில்டரைக் கவரால் இறுகக் கட்டச் சொல்வர். 1500 சிசி என்ஜின் 2000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1500 லிட்டர் காற்று கேட்கும். கட்டிய வாயில் தண்ணீரும் புகாது, காற்றும் புகாது. வண்டி வீட்டு வாசலிலேயே நின்றுவிடும் என்பதால் இம்மதம் ஒருவகையில் பாதுகாப்பானதே.

தோலுறைவாதிகள் ஆம்பூர்ப் பக்கத்தார். நீர் ஒட்டாத ஷூ தோலில் உறை தைக்கலாம் என்பர். விலை கூடும் என்பது தவிர முந்தைய மதத்துக்கும் இதற்கும் பேதமில்லை.

துணியுறைவாதிகள் கூற்றில் பாதி உண்மை. நீர் ஒட்டாத துணி உறை சாரலைத் தடுக்கும். ஃபில்டர் முழுகினால் என்ஜின் இழுக்கும் இழுப்புக்குத் துணி தாங்காது.

வால்வுவாதிகள் குழாயின் மேல்பகுதியில் பைபாஸ் வால்வு வைப்பர்; கீழ்வாய் மூழ்கினால் மேல்வாய் திறக்கும். டர்போ வண்டிக்கு இது ஆகாது. தண்ணீர் வால்வுக்கும் மேலே ஏறினால் எந்த வண்டிக்கும் ஆகாது.

தைரியவாதிகளே இங்குப் பெரும்பான்மை. "ஒண்ணும் ஆவாது ணா, நிறுத்தாம வலி!" என்பது இவர்தம் மூலமந்திரம், முன்னால் போகும் லாரியே பிரமாணம். லாரிக்குக் காற்று வாய் கேபினுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கிறது. அது தள்ளிவிடும் அலை பின்னால் வரும் காரின் கிரில்லில் ஏறி, நேரே ஃபில்டர் மேல் விழுகிறது.

3. சுபக்கம்

நான்கு சிலிண்டர் கொண்ட 1500 சிசி டீசல் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் 375 சிசி. அழுத்த விகிதம் 16:1 என்றால், பிஸ்டன் மேலேறி நிற்கையில் மிஞ்சும் இடம் 25 மில்லி. குழந்தைக்கு ஊட்டும் ஒரு பாலாடை அளவு. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டனால் மேலேற முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். ஷெட்டில் இதை ஹைட்ரோலாக் என்பர். 'என்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பு எடுக்காதவருக்கு இந்தச் செலவை இன்ஷூரன்ஸ் பொதுவாகத் தருவதில்லை.

2015 வெள்ளத்தில் பாடம் படித்த சென்னைவாசிகள், 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினர். உயரத்துக்கு ஈடான உறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதற்கு இதுவே சான்று.

4. முடிபு

காக்க வேண்டியது இன்டேக்கின் வாயை அல்ல, ஆக்சிலரேட்டர் மேலுள்ள காலை. ஐப்பசி பிறக்கும் முன் கம்பெனி கொடுத்த பழைய ஃபில்டர் பெட்டியையே திரும்ப மாட்டுங்கள். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் வண்டியைத் திருப்புங்கள். மீறி இறங்கி நடுவில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் நீங்கள் கரையேறுங்கள், தண்ணீர் வடிந்ததும் வண்டியைக் கட்டி இழுத்துப்போகச் சொல்லுங்கள்.