நடுக்கடலில் பல் வெளுப்பு

பயணக் கப்பல்களில் பல் வெளுப்பு பெரும்பாலும் அழகு நிலையத்தில்தான் நடக்கிறது, மசாஜ் அறைக்குப் பக்கத்து நாற்காலியில். செய்பவர் பொதுவாகப் பல் மருத்துவர் அல்லர். வெளுப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு, அல்லது உடைந்து அதையே தரும் கார்பமைடு பெராக்சைடு. இது எனாமலுக்குள் ஊடுருவிக் கறை மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. வாய்க்கு முன்னால் எரியும் நீல விளக்குக்குத் திருவிழாச் சீரியல் பல்பை விடக் கொஞ்சம்தான் அதிக வேலை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல், 0.1 விழுக்காட்டைத் தாண்டி 6 வரை பெராக்சைடு உள்ள பொருளை முதல் முறை பல் மருத்துவரின் மேற்பார்வையில்தான் பயன்படுத்த வேண்டும். அமெரிக்காவிலோ, வணிக வளாகங்களில் பல் வெளுப்பவர்களை விரட்டப் பார்த்த வட கரோலினா பல் மருத்துவ வாரியம் 2015இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. கப்பல் பல நேரம் பஹாமாஸ் கொடியோடு இந்த வம்புகளுக்கு அப்பால் மிதக்கிறது.

வெளுத்த பிறகு ஓரிரு நாள் காபி, தேநீர், சிவப்பு ஒயின் கூடாது என்பார்கள். பஃபேக்கும் பானங்களுக்கும் மொத்தமாகப் பணம் கட்டியவருக்குச் சொல்லும் பத்தியம் இது! ஐஸ்கிரீமைப் பல் கூச்சமே தடுத்துவிடும். வெளுக்காத கிரௌனும் அடைப்பும் பழைய நிறத்தில் நின்று பல்லிளிக்கும். அன்றைய பளபளப்பில் ஒரு பங்கு, பல் உலர்ந்ததால் வந்தது. சில நாளில் ஈரம் ஏறியதும் அது மங்கும். அதற்குள் கப்பல் அடுத்த பயணிகளோடு கிளம்பியிருக்கும்.