பூட்டியே கிடக்கும் பக்கிள்

கல்யாண மண்டப வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளை உற்றுப் பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். பக்கிள் வைத்த சாண்டல் எதுவானாலும் பக்கிள் போட்டபடியே கிடக்கும். உள்ளே கால் இல்லை, பூட்டு மட்டும் பூட்டியிருக்கிறது. ஊருக்குப் போகிறவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது நியாயம்தான். ஆனால் இங்கே வீட்டுக்காரர் வெளியே வந்ததும், சாப்பிட்டு முடித்துத் தாம்பூலப் பையோடு திரும்ப உள்ளே போகப்போவதும் பூட்டைத் தொடாமலேயே. வாங்கிய அன்று கடைக்காரர் முட்டிபோட்டு உட்கார்ந்து மூன்றாவது ஓட்டையில் முள்ளைச் செருகினாரே, அத்தோடு அந்த முள்ளின் பணிக்காலம் முடிந்தது. அதன் பிறகு சுவரில் ஒரு கையை ஊன்றி, கட்டைவிரலை முன்னே நுழைத்து, தரையில் இரண்டு உதை உதைத்தால் குதிகால் தானாக உள்ளே போய்விடும். செருப்பு தைப்பவரிடம் வரும் சாண்டல்களில் பின்வார் பிய்ந்தவை அதிகமாகவும், முள் தேய்ந்தவை அரிதாகவும் இருப்பதற்குக் காரணம் இந்த உதைதான்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது, கணக்கு அப்படி. பக்கிளைக் காலுக்குக் கொண்டுவந்தவர்கள் காலையில் மாட்டி இரவில் கழற்றும் நாட்டுக்காரர்கள். நம் கால் வீடு, கோயில், பக்கத்து வீடு, சில டாக்டர்களின் அறை, பூஜை போட்ட புதுக்கடை என்று வாசலுக்கு வாசல் செருப்பை விடும் கால். நாளைக்குப் பத்து முறை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடியைக் கழற்றி மாட்ட அரை நிமிடம் என்றால் நாளைக்கு ஐந்து நிமிடம், ஆண்டுக்கு முப்பது மணி நேரம். அந்த முப்பது மணி நேரமும் குனிந்த நிலையில் கழிய வேண்டும். அடுத்தவர் காலில் விழுவதிலாவது ஒரு பதவியோ, ஆசீர்வாதமோ, குறைந்தபட்சம் ஒரு நூறு ரூபாய் நோட்டோ கிடைக்க வாய்ப்பு உண்டு. தன் காலில் தானே தினம் பத்து முறை விழுந்தால் கிடைப்பது இடுப்புவலி மட்டுமே.

செருப்பு செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பல சாண்டல்களில் பக்கிளைத் திருப்பிப் பாருங்கள், அதன் அடியில் விரற்கடை நீளத்துக்கு எலாஸ்டிக் வைத்துத் தைத்திருப்பார்கள். கால் நுழையும்போது விரிந்து கொடுப்பதும் பிறகு இறுக்கிப் பிடிப்பதும் அந்த எலாஸ்டிக்தான். பக்கிள் மேடையில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விழாத் தலைவர். நாற்காலி போட்டதும் மைக் கட்டியதும் வேறு ஆள். ஆகவே மலிவான, எளிய உலோகப் பக்கிள் ஒன்றை வடிவமைக்க உட்காருகிறவர் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது, அது கதவல்ல என்பதை. திறந்து திறந்து மூடும் பொருளாக நினைத்து அதைச் செய்வதில்தான் காசு வீணாகிறது. அது கயிற்றுக் கட்டிலின் கயிற்றைப் போன்றது. ஒருமுறை இழுத்துக் கட்டவேண்டும், தொய்ந்தால் மறுபடி இழுக்கவேண்டும், மற்ற நாளெல்லாம் அப்படியே இருந்தால் போதும். இந்த வேலைக்கு முள் எதற்கு?

வழக்கமான பக்கிளில் உறுப்புகள் மூன்று: சட்டம், சட்டத்தின் குறுக்கே ஓடும் தண்டு, தண்டில் தொங்கும் முள். கெடுவது எல்லாம் உறுப்புக்கும் உறுப்புக்கும் நடுவில்தான், கூட்டுக் குடும்பம் மாதிரி. மலிவுச் சட்டம் ஒரு கம்பியை வளைத்துச் செய்தது. இரு முனையும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருக்கும். இழுக்க இழுக்க அது வாய் திறந்து, வார் நழுவி வெளியே வந்துவிடும். முள்ளின் வளையம் தண்டில் ஆடி ஆடி, நாளடைவில் முள் சட்டத்தில் படியாமல் ஒருபக்கம் சாய்ந்து படுத்துவிடும். இவற்றைவிடப் பெரிய சேதம் வாரில். 12 மில்லிமீட்டர் அகல வாரில் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால், அந்த இடத்தில் கால்பங்கு தோல் போய்விட்டது. முள் ஒன்றுக்காக இப்படி ஐந்தாறு ஓட்டை. அத்தனை போட்டும் நம் காலுக்கு வேண்டிய இடம் எப்போதும் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவிலேயே அமையும். இந்த ஓட்டையில் போட்டால் ரத்த ஓட்டம் நிற்கும், அடுத்ததில் போட்டால் செருப்பு முன்னே போகும், நாம் பின்னே வருவோம். சாயங்காலம் பாதம் சற்று வீங்கும் என்பது நாள் முழுக்க நிற்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஓட்டைக்குத் தெரியாது. பக்கிள் என்ற சொல்லே கன்னம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. ரோமானியத் தலைக்கவசத்தைக் கன்னத்தோடு சேர்த்துக் கட்டிய வாரில் இருந்ததாம். முகத்திலிருந்து பாதத்துக்கு இறக்கப்பட்ட ஆத்திரத்தை இப்படித் தீர்த்துக்கொள்கிறது போலும்.

முள்ளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? பையின் தோள்வாரிலும் உள்ளாடைப் பட்டையிலும் நாம் தினம் பார்க்கிற நழுவுசட்டம்: ஒரு செவ்வகம், அதன் நடுவே ஒரு குறுக்குக் கம்பி, பட்டையாக அழுத்திய 8 போல. இதை ஒரே கம்பியில் மடிக்க முடியுமா என்றால், கையெடுக்காமல் கோலம் போடுகிறவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள், முடியும் என்று. மூன்று கோடுகள் கூடும் புள்ளி இந்த உருவத்தில் இரண்டே இரண்டுதான். ஒரு புள்ளியில் தொடங்கி, நடுவே குறுக்காகப் போய், மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று சுற்றினால் மற்றப் புள்ளியில் கோடு முடியும். ஒற்றைப்படைக் கோடுகள் கூடும் புள்ளி இரண்டுக்கு மேல் போனால் இது நடக்காது என்பதை 1736-இல் கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களை வைத்துக் கணித மேதை ஆய்லர் நிறுவினார். அந்த ஊரில் அப்படிப்பட்ட புள்ளிகள் நான்கு, பாவம். நம் பக்கிள் தேறிவிடுகிறது. கம்பியின் இரு முனைகளும் போய் முட்டுகிற இடங்களில் ஆளுக்கொரு பொட்டு வெல்டிங் வைத்தால் வாய் திறக்கும் பேச்சே இல்லை.

செலவையும் பார்த்துவிடலாம். இரண்டரை மில்லிமீட்டர் கம்பி, ஒரு பக்கிளுக்கு 90 மில்லிமீட்டர் நீளம் என்றால் எடை மூன்றரை கிராம். ஒரு கிலோவில் 285 பக்கிள். சாதா இரும்புக் கம்பி மலிவுதான், ஆனால் மழைக்கும் வியர்வைக்கும் துருப்பிடித்து வாரையும் காலையும் காவியாக்கும். துருவுக்குப் பயந்து நிக்கல் முலாம் பூசினால் சிலருக்குத் தோல் அரிக்கும். ஐரோப்பாவில் 1994-லேயே, தோலில் நெடுநேரம் படும் பொருள் வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலை உதிர்க்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். துத்தநாகக் கலவையை உருக்கி வார்க்கலாம், 400 டிகிரிக்குள் உருகிவிடும், வழவழப்பாகவும் வரும். ஆனால் அச்சுக்கு முதலில் ஒரு பெருந்தொகை அழ வேண்டும், மெல்லிய வார்ப்பை வளைத்துச் சரிசெய்யப் பார்த்தால் முறிந்துவிடும். அதனால் என் ஓட்டு எவர்சில்வர் கம்பிக்கு. அதிலும் நிக்கல் உண்டு, நூற்றுக்கு எட்டுப் பங்கு போல; ஆனால் கூடவே இருக்கும் குரோமியம் மேலே ஒரு மெல்லிய படலம் போர்த்தி அதை வெளியே விடாமல் காவல் காக்கிறது. கிலோ 300 ரூபாய் என்று வைத்தாலும் பக்கிளுக்கான கம்பி ஒரு ரூபாய் ஐந்து காசு. வளைக்க ஒரு பலகையும் அதில் அடித்த சில ஆணிகளும் போதும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துப் பெரிய ஆலைகளுக்கு அச்சுச் செலவு ஒரு பொருட்டில்லை. மாதம் நூறு ஜோடி செய்கிறவருக்கு இந்தப் பலகைதான் கட்டுப்படியாகும்.

முள் இல்லாவிட்டால் வழுக்காதா என்பது நியாயமான கேள்வி. பதில் தொழுவத்தில் இருக்கிறது. முரட்டுக் காளையின் கயிற்றைக் கையால் பிடித்தால் இழுத்துக்கொண்டு போய்விடும். அதே கயிற்றை முளையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் சிறுபிள்ளைகூடப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். உராய்வெண் 0.5 என்றால் இரண்டு சுற்றுக்குப் பிடிமானம் 500 மடங்குக்கு மேல் பெருகுகிறது. இந்தக் கணக்கையும் அதே ஆய்லர்தான் போட்டார். மனிதருக்குச் செருப்பின்மீது என்ன பாசமோ. நம் பக்கிளில் வார் நடுக்கம்பியின் மேல் அரைச் சுற்றுதான் சுற்றுகிறது, ஆகவே பெருக்கம் ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் திரும்பி வரும் வாரின் வால், வாரின் மேலேயே படிந்து வெளிக்கம்பிக்கு அடியில் போகிறது. கால் இழுக்க இழுக்கச் சட்டம் சாய்ந்து அந்த வாலை அமுக்குகிறது. இழுக்கிற விசையே பிடிக்கிற விசையாகவும் மாறுவதால் மிச்சக் கணக்கு அங்கே நேராகிவிடும். இதற்குத் தோலின் சொரசொரப்பான உட்புறம் கம்பியில் படவேண்டும். வழவழப்பான ரெக்சின் வார் என்றால் வழுக்கும்தான், அதை மறைக்கப்போவதில்லை. அதற்கு நடுக்கம்பியில் நாலு வரி கீறிவிட வேண்டும், அல்லது ரெக்சினை விட்டுவிட வேண்டும். வாலின் நுனியை மடித்து ஒரு தையல் போடுவது எப்படியும் அவசியம், முழுதாக உருவிக்கொண்டு வராமல் இருக்க.

நிஜமாகவே தினம் கழற்றி மாட்டுகிறவர்கள் என்ன செய்வார்கள்? கணுக்காலை நெருக்கிப் பிடிக்கும் செருப்புக்காரர்கள், எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் இருக்கிறார்களே. அவர்களுக்கும் இது பகையில்லை. சட்டத்தின் ஓரத்தை நகத்தால் நிமிர்த்தினால் அமுக்கம் போய் வார் தளர்ந்து ஓடும், வாலைப் பிடித்து இழுத்தால் இறுகும். முள்ளைத் தேடி, ஓட்டையைத் தேடி, பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடும் நேரத்தைவிட அது குறைவு. சின்னக் குழந்தைகளுக்கு வெல்க்ரோ சௌகரியம் என்பதை மறுக்கவில்லை. 1941-இல் நாயோடு உலாவப் போன ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் த மெஸ்த்ரால், நாயின் ரோமத்தில் ஒட்டிய விதைகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். நம் வேட்டிகளில் ஒட்டிய செடிக்கு நாம் பெயரிலேயே நாயைச் சேர்த்து நாயுருவி என்று கூப்பிட்டுவிட்டு, அதன் வேரால் பல் துலக்கிக்கொண்டு போய்விட்டோம். விஷயம் என்னவென்றால், வெல்க்ரோ தெருவில் உள்ள நூல், முடி, மண், வைக்கோல் அத்தனையையும் சேர்த்துக்கொள்ளும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் காலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடித்துவைத்திருக்கும்.

கடைசியில் வரும் ஆட்சேபம்தான் கனமானது: பார்க்க அழகாக இருக்காதே! இந்த ஆட்சேபத்துக்குச் சரித்திரம் உண்டு. லண்டனில் நாட்குறிப்புக்குப் பேர்போன சாமுவேல் பீப்ஸ் 1660 ஜனவரியில் முதன்முதலாகப் பக்கிள் வைத்த ஷூ போட்ட நாளை டைரியில் குறித்துவைக்கும் அளவுக்கு அது புதுப்பெருமை. அடுத்த நூற்றாண்டில் அது வெள்ளியிலும் போலித் தங்கத்திலும் வளர்ந்து வளர்ந்து, காலுக்குப் பக்கிளா, பக்கிளுக்குக் காலா என்று கேட்கும் அகலத்துக்குப் போயிற்று. 1792-இல் பிரான்ஸில் அமைச்சரான ரோலான், பக்கிள் இல்லாமல் நாடா கட்டிய ஷூவோடு அரண்மனைக்குள் நுழைந்தபோது சடங்கு அதிகாரி பதறிப்போனதையும், உடனிருந்த சக அமைச்சர் துய்மூரியே, எல்லாம் போயிற்று என்று கைவிரித்ததையும் அக்கால நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன. அரசர் தலை போனது அடுத்த ஜனவரியில். முன்னறிவிப்பு ஷூவிலேயே இருந்திருக்கிறது. அதே நாடாவால் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பக்கிள் தொழிலாளர்கள் வேலை இழந்து, 1791-இல் வேல்ஸ் இளவரசரிடம் மனுக் கொடுத்தார்கள். இளவரசரும் இரங்கித் தம் ஆட்களோடு பக்கிள் அணிந்து பார்த்தார். நாடா ஜெயித்தது. வேலைக்காக இருந்த பொருள் அலங்காரத்துக்காக என்று ஆனபின், அரண்மனை சிபாரிசுகூட அதைக் காப்பாற்றவில்லை.

ஆனாலும் வாடிக்கையாளர் வாடிக்கையாளர்தான், அழகு கேட்பார். நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வைன் 1871-இல் உடைகளை இழுத்துப் பிடிக்கும் வார் ஒன்றுக்கு 1,21,992 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். வார் விஷயத்தில் என் போன்றவர்கள் வாய் திறக்க அது ஓர் உரிமைச் சீட்டு. ஆனால் உள்ளாடைகளில் நிலைத்த அவ்வகைக் கொக்கிப் பட்டையில் அழகை யாரும் கேட்பதில்லை, அது வெளியே தெரியாது என்பதால். செருப்பு வெளியே தெரிகிறது. கடையில் எடுத்துப் பார்க்கிறவர் முள்ளைத் தேடுவார், காணாவிட்டால் ஏதோ உடைந்த சரக்கு என்று கீழே வைத்துவிடுவார். அதற்கும் வழி இருக்கிறது. சட்டத்தின் மேல் மெல்லிய தகடு ஒன்றை ஒட்டி, அதில் முள்ளைப் போல ஒரு கோடும், வாரில் ஓட்டைகளைப் போல நாலைந்து கறுப்புப் பொட்டுகளும் அச்சடித்துவிடலாம். குனிந்து சரிபார்க்க யார் இருக்கிறார்கள்?