சுறா பிடிக்கப் போன பேராசிரியர்

சுறாவுக்கு மற்ற மீன்களைப்போல் காற்றுப்பை கிடையாது. மூழ்கிப் போகாமலிருக்க ஈரல் நிறைய எண்ணெய் சேர்த்து வைத்திருக்கிறது, பாவம். 1906இல் ஜப்பானிய வேதியியலாளர் மிட்சுமாரு சுஜிமோட்டோ அந்தச் சேமிப்பில் கைவைத்தார். கிடைத்தது ஸ்குவாலீன்: 30 கார்பன், 50 ஹைட்ரஜன், வேறொன்றுமில்லை.

1926இல் சானன் என்பவர் இதை எலிகளுக்கு ஊட்டினார். ஈரலில் கொலஸ்ட்ரால் ஏறியது. எலிகளின் சம்மதத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1934இல் வேதியியலாளர் ராபர்ட் ராபின்சன், ஸ்குவாலீனின் நீளச் சங்கிலியை மடித்தால் கொலஸ்ட்ராலின் நாலு வளையங்களும் வந்துவிடும் என்று தாளில் போட்டுக் காட்டினார். கொலஸ்ட்ராலில் 27 கார்பன்தானே? மீதி 3 உதிர்ந்துவிடுமாம். மடித்த விதம் தப்பு. ஆனால் பெரிய மனுஷர் வேட்டியைத் தப்பாகக் கட்டியிருந்தால் யார் போய்ச் சொல்வது? 1953இல்தான் விஞ்ஞானிகள் வுட்வர்டும் கான்ராட் பிளாக்கும் அதை அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டார்கள்.

அதற்கு முன் பிளாக் பட்ட பாடு தனிக்கதை. வினிகரில் இருக்கும் அதே அசெட்டேட்டிலிருந்துதான் உடம்பு ஸ்குவாலீன் செய்கிறது என்று நிரூபிக்க வேண்டும். கதிரியக்கக் கார்பன் போட்ட அசெட்டேட்டைச் சுறா ஈரலுக்குக் கொடுத்துப் பார்க்கலாமென்று சிகாகோவிலிருந்து பெர்முடா தீவுக்கே போனார். என்ன தெரிந்துகொண்டார் என்பதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்: கைக்கு அடங்கும் அளவில் சுறா சிக்குவதில்லை, சிக்கினாலும் அந்த எண்ணெய்ப் பிசுக்கு ஈரலைத் துண்டு போட முடியாது. இதைவிட நல்ல விடுமுறை யாருக்கு வாய்க்கும்?

திரும்பி வந்தபின், அவருடன் வேலை செய்த லாங்டன் எலியை வைத்தே காரியத்தை முடித்துவிட்டார். எலிக்கு ஸ்குவாலீனை நிறையக் கொடுத்து, கூடவே அந்த அசெட்டேட்டையும் கொடுத்தார். புதிதாக உண்டான ஸ்குவாலீன் பழைய கும்பலோடு கலந்து வசமாக மாட்டியது. அதைப் பிரித்தெடுத்துச் சுண்டெலிக்குத் தந்தால் கொலஸ்ட்ரால் ஆனது. 1964இல் பிளாக்குக்கு நோபல் பரிசு, இதே துறையில் உழைத்த லைனனோடு பாதிப் பாதி.

இத்தனைக்கும், மனிதர் முகத்தில் வழிகிற எண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஸ்குவாலீன்தான். பெர்முடா வெயிலில் பேராசிரியரின் மூக்கிலும் அது மினுமினுத்திருக்கும். நாம் மட்டும் என்னவாம்? அதைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, சுறாவிலிருந்தும் ஆலிவிலிருந்தும் எடுத்து லேசாக மாற்றிய அதன் தம்பியைச் சின்னப் புட்டியில் காசு கொடுத்து வாங்கி, அதே இடத்தில் தடவிக்கொள்கிறோம்.