வரிசையாக எரியும் பின்விளக்கு: காயல்பட்டின முடுக்குகளை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

வரிசையாக எரியும் பின்விளக்கு மாட்டிய நம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் காரா என்ற ஐயத்தை முதலில் தீர்ப்போம். 1961 முதல் சென்னையில் தயாரான இவ்வண்டிக்கு மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு. அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் தந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. ஆக, ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் காருக்குச் சின்னம்மா மகன். கொற்கையில் ஓர் ஓட்டுச்சில் அகப்பட்டால் அதன்மேல் அரண்மனையே எழுப்பிவிடும் ஆய்வுலகில் இந்த உறவு தாராளம்.

பின்விளக்கு மூவகைப்படும்.

எரிவது: சொல்ல ஒன்றுமில்லை.

எரியாதது: பெரும்பான்மை (காண்க: ஆறுமுகநேரி சாலை, மஃரிபுக்குப் பின்).

வரிசையாக எரிவது: 1965 ஃபோர்டு தண்டர்பேர்டில் வந்தது. பக்கத்துக்கு மூன்று விளக்கு, திரும்பும் பக்கம் உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக எரியும். சில்லு எதுவும் கிடையாது. குட்டி மோட்டார் ஒன்று சுழன்று ஸ்விட்சுகளைத் தட்டும். முந்தைய ஆண்டே வரவேண்டியது, சில மாநிலச் சட்டங்கள் இடம்தரவில்லை.

நம் மரபில் இதற்கு சீரியல் செட் என்று பெயர். வீட்டிலேயே செய்ய 555 என்ற சில்லு துடிப்புத் தரும், 4017 என்ற சில்லு எண்ணும். ஆனால் 4017-இல் அடுத்தது எரிந்தால் முந்தியது அணையும். இது ஓடும் கட்சி. தண்டர்பேர்டில் முந்தியது அணையாமலே அடுத்தது சேரும். இது நிறையும் கட்சி. டயோடுகளைக் கோத்தால் ஓட்டத்தை நிறைவாக்கலாம் (பந்தல்காரர் வாய்மொழி, ஏணிமேல் நின்று சொன்னது). ஆக்கவே முடியாது (மேற்படியார், ஏணியைவிட்டு இறங்கியபின்). ஆக்கலாம், டிரான்சிஸ்டர் வேண்டும் (மேற்படி மறுப்புக்கு மறுப்பு, வட்டலப்பம் வந்தபின், வலக்கை சாப்பிட இடக்கையால் காற்றில் வரைந்த படம் 2, பிரதி கிடைப்பதில்லை). இறுதிக் கூற்றே சரி. 12 வோல்ட், 21 வாட் பல்பு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ஆம்பியர் இழுக்கும். 4017-இன் காலிலிருந்து வருவதோ சில மில்லி ஆம்பியர். எறும்பை விட்டுத் தோணி இழுக்கும் கதை.

வரலாற்றுச் சான்று: காயலில் குதிரைகள் வந்திறங்குவதை மார்க்கோ போலோ எழுதினார். அவற்றின் வால் எப்பக்கம் ஆடினால் எப்பக்கம் திரும்பும் என்று எழுதவில்லை. எழுதாததாலேயே அது ஊரறிந்த செய்தி என்பது பெறப்படும். கொற்கையையும் பழையகாயலையும் அகழ்ந்து பார்த்த கால்டுவெல்லும் பல்பு கிடைத்ததாகச் சொல்லவில்லை. அக்காலத்தவர் ஒன்றைக்கூட உடைக்கவில்லை போலும்.

ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். காயலின் முடுக்குகள் எனும் குறுஞ்சந்துகளுக்குள்ளோ அது நுழையவே நுழையாது. ஆகவே முடுக்கு நோக்கி இண்டிகேட்டர் போடுவது வெறும் ஆசைத் தெரிவிப்பு.

கள ஆய்வு: கூலக்கடை பஜாரில் ஹெரால்டை நிறுத்தி, இடப்பக்கம் மூன்றும் நிறைந்து எரியக் காத்திருந்தோம். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் மரியாதையாக ஒதுங்கி நின்றது.

“யாருக்குக் கல்யாணம், காக்கா?”

கல்யாணம் இல்லை, இடது பக்கம் திரும்புகிறோம் என்று விளக்கினேன்.

“அதுக்குக் கையக் காட்டுனா போதாதா?”

(படம் 3: கை.)