குறுந்தகடு அழிப்பியல்: ஓர் அறிமுகம்

குறுந்தகட்டில் தகவல் எந்தப் பக்கம் குடியிருக்கிறது என்று அறியாமலே அதை அழிக்கப் புறப்படுவோர் ஆணி நெறியினர் எனப்படுவர். இவர்கள் பளபளக்கும் அடிப்பக்கத்தைக் கீறுவார்கள். அது வெறும் பாலிகார்பனேட். தகட்டின் 1.2 மி.மீ. கனத்தில் ஏறக்குறைய முழுவதும் அதுவே. தேய்த்து மெருகேற்றினால் தகடு மறுபடி ஓடும். தகவல் படலமோ மறுபுறம், படம் அச்சிட்ட முகத்தின் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சின் மறைவில் இருக்கிறது. நாயகனின் முகத்தைச் சுரண்டினால்தான் பாட்டு சாகும்.

கீறும் திசையும் முக்கியம். நடுத்துளையிலிருந்து விளிம்புவரை இழுக்கும் கோடு வீரமாகத் தோன்றும், பயன் குறைவு. தகவல் சுருளாக ஓடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் அக்கோட்டின் அகலம் மட்டுமே சேதமாகும். தடத்தில் தொடர்ச்சியாகச் சுமார் 2.5 மி.மீ. அழிந்தாலும் பிழைதிருத்தக் குறியீடு மீட்டுவிடும். சுருளின் போக்கிலேயே வட்டமாகக் கீறுபவரே துறை அறிந்தவர்.

டிவிடியில் 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டி, நடுவே தகவலை வைத்திருப்பதால் எந்தப் பக்கம் சுரண்டினாலும் கைதான் வலிக்கும். புளூ-ரேயில் தகவல் அடிப்பக்கத்திலிருந்து 0.1 மி.மீ. ஆழத்திலேயே உள்ளது. ஆணி நெறி உண்மையாகவேண்டிய அந்த ஒரே இடத்தில் உற்பத்தியாளர்கள் கடினப் பூச்சு பூசிவிட்டார்கள்.

மறுபதிவுத் தகடுகளுக்குரிய 'விரைவு அழிப்பு' பொருளடக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு நூலை அலமாரியிலேயே வைப்பது. தோட்டத்தில் கிளி விரட்டக் கட்டித் தொங்கவிடுவதையும் ஒரு முறையாகக் கொள்ளலாம்: வீட்டில் பதிந்த தகட்டின் சாயம் வெயிலில் மெல்ல மங்கும், ஆலையில் அச்சான தகட்டுக்கு அந்தக் கவலை இல்லை. கிளிகளிடம் லேசர் இல்லாததால் இடைக்காலத்தில் இரகசியம் கசியாது.

மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் உலோகப் படலம் பொறி கக்கி வெடித்துப் பிளக்கும். கண்ணுக்கு விருந்து, மூக்குக்கும் அடுப்புக்கும் கேடு. கையால் முறிப்போர் முதலில் தகட்டைப் பழைய துணியில் சுற்றவேண்டும். பாலிகார்பனேட் நெடுநேரம் வளைந்து கொடுத்துவிட்டு, திடீரென்று சில்லுகளாகத் தெறிக்கும்.

எத்தனை சிறிதாக நொறுக்குவது என்பதில் ஜெர்மானியர் தெளிவானவர்கள். அவர்களுடைய டின் 66399 தரநிலை ஒளித்தகடுகளுக்கு ஏழு படிகள் வகுக்கிறது: ஓ-1-இல் துண்டு 2,000 சதுர மி.மீ. வரை இருக்கலாம், ஓ-7-இல் 0.2 சதுர மி.மீ. தாண்டக்கூடாது. 700 மெகாபைட் சிடியில் அந்தப் பொடித் துணுக்கும் ஏறத்தாழ 16 கிலோபைட் சுமக்கிறது. இந்த ஆய்வை அதில் முழுமையாகப் பதியலாம். ஓரத்தில் இடமும் மிஞ்சும்.